மூன்று வெள்ளைக்கல் வீடு

மேகம் இறங்கிப் படுத்துக்கொள்ளும் ஒரு மலைக்காட்டில் நாச்சி என்ற அழுங்கு வாழ்ந்துவந்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் கல்போன்ற செதில். எறும்புதான் சாப்பாடு. அதனால் ஒரு செவ்வெறும்புப் புற்றை ஒட்டியே வளை தோண்டியிருந்தாள். முன்னறையில் தூக்கம், பின்னறையில் எறும்பு. பசித்தால் நாலடி நடந்தால் போதும். வாசலில் மூன்று வெள்ளைக் கற்களை வரிசையாக வைத்திருந்தாள். அவளுடைய குட்டி அவள் வாலைக் கட்டிக்கொண்டு தூங்கும்.

நாச்சிக்கு ஒரு பழக்கம். யாராவது கூப்பிட்டால் பதிலே சொல்ல மாட்டாள். பந்தாகச் சுருண்டுகொள்வாள். சத்தம் அடங்கிய பிறகுதான் விரிவாள். பயந்த சுபாவம், என்ன செய்வது!

அந்தக் காட்டில் பனிமூட்டம் விலகுவதே அபூர்வம். எதிரில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது. அதனால் வாங்குவதும் விற்பதும் மஞ்சமூக்கி என்ற மைனாவின் வாய்வழியாகத்தான் நடந்தன. விற்கிறவர் இலவமரத்தடிக்கு வந்து சரக்கைச் சொல்ல வேண்டும். மைனா ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"வீடு எங்கே?"

வீட்டைச் சொல்லிவிட்டால் போதும், மரத்துக்கு மரம் பறந்து கூவிவிடுவாள். வாங்குகிறவர்கள் பிளவுப்பாறை இடுக்கில் பழமோ பூவோ அச்சாரமாக வைப்பார்கள். விற்கிறவர் இரவில் வந்து அதை எடுத்துக்கொள்வார். மறுநாள் காலை அந்த வீட்டுக்குப் போய்ச் சரக்கை எடுத்துக்கொள்வார்கள். வீட்டு அடையாளம் சொல்கிறவன் ஏமாற்ற மாட்டான் என்று காடே நம்பியது. அப்பாவிக் காடு!

ஒருநாள் காலை, பனிக்குள்ளிருந்து இனிமையான ஒரு குரல் வந்தது.

"மைனாக்கா! மலைத்தேன் இருக்கு! அடை அடையா இருக்கு!"

"வீடு எங்கே?"

"ஓடைக்கு மேலே. வாசல்ல மூணு வெள்ளைக்கல். ஓடைப்பக்கம் யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க!"

பேசியது சவ்வாது என்ற புனுகுப்பூனை. அவனிடம் ஒரு சொட்டுத் தேன் கிடையாது. வீடுவாசலும் கிடையாது. ஓடைப்பக்கம் போகும்போது நாச்சியின் வாசலைப் பார்த்திருந்தான். மூன்று தடவை குரல் கொடுத்தும் உள்ளேயிருந்து பதில் வரவில்லை. வாய் திறக்காத அந்த வீடு அவனுக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

கருவாயி என்ற கரடிக்கு அப்போது பின்னங்காலில் முள் தைத்திருந்தது. மரம் ஏற முடியவில்லை. அவள் குட்டியோ நாலு நாளாக இருமிக்கொண்டே இருந்தது. நாக்கில் கொஞ்சம் தேன் தடவினால் தேவலை. தனக்கென்று சேர்த்துவைத்திருந்த இலுப்பைப்பூ அத்தனையையும் அள்ளிக்கொண்டுபோய்ப் பாறை இடுக்கில் வைத்தாள். முள்ளம்பன்றி கிழங்கு வைத்தது. சருகுமான் நெல்லிக்காய் வைத்தது.

மறுநாள் நாச்சி அரைத்தூக்கத்தில் இருந்தாள். பனியோடு குரல்களும் மிதந்து வந்தன. ஓடை பேசுவதாகக் கனவு காண்கிறோம் என்று நினைத்தாள்.

"அம்மா, தேன் எடுக்க வந்திருக்கோம்!"

கனவில்லை! நாச்சி சட்டென்று சுருண்டுகொண்டாள்.

இரண்டாம் நாளும் வந்தார்கள். இப்போது கூட்டம் பெரிது.

"உள்ளேதான் இருக்கா! மூச்சு விடுறது கேக்குது!"

"தப்பு பண்ணாதவ எதுக்கு வாயை மூடிக்கிட்டுக் கிடக்கணும்?"

"அச்சாரத்தை முழுங்கிட்டு ஒளிஞ்சிருக்கா!"

யாரோ எதையோ கேட்கிறார்கள், நம்மை அல்ல என்று நாச்சி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இன்னும் இறுகினாள். பாவம், அவள் சுருளச் சுருள வெளியே அவள் திருடியாகிக்கொண்டே போனாள்.

மூன்றாம் நாள் கருவாயி நொண்டிக்கொண்டே தனியாக வந்தாள். கூப்பிடவில்லை. நகத்தை நீட்டி வாசலைத் தோண்டினாள். வெள்ளைக் கற்கள் உருண்டு ஓடின. முன்னறைக் கூரையிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டியது. வாலைக் கட்டியிருந்த குட்டி பிடி நழுவி விழுந்து, "அம்மா!" என்று கத்தியது.

சத்தம் இருக்கும்போதே நாச்சி விரிந்தது வாழ்க்கையில் அன்றுதான். குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு நேராக வாசலுக்கு வந்தாள்.

"எதுக்கு என் வீட்டை இடிக்கிறே?"

"என் தேன் எங்கேடி? பிள்ளைக்கு இருமி இருமித் தொண்டையே புண்ணாப்போச்சு!"

"தேனா? எறும்பைத் தவிர வேற எதையும் என் நாக்கு தொட்டதில்லை, அக்கா!"

"மூணு வெள்ளைக்கல் வீடுன்னு மைனா கூவினாளே!"

"வீடு என்னுதுதான். பேசினது நானா? அவளையே கூப்பிட்டுக் கேளு!"

மஞ்சமூக்கி வந்தாள். நாச்சியின் கரகரப்பான குரலைக் கேட்டதும் அவள் இறக்கை தொங்கிப்போயிற்று.

"இந்தக் குரல் இல்லே! அது வழவழன்னு இருந்துச்சு, வாசமும் அடிச்சுது. வீடு எங்கேன்னுதான் கேட்டேன். உன் வீடான்னு கேக்காம விட்டுட்டேன்!"

கருவாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூவும் போயிற்று, தேனும் இல்லை, ஒரு பாவமும் அறியாதவளின் வீட்டையும் இடித்தாயிற்று. அவளைப் பார்க்க நாச்சிக்குக் கோபம் வரவில்லை. முதல் நாளே வாயைத் திறந்திருக்கலாமே என்று தன்மேல்தான் கோபம் வந்தது.

"அழாதே அக்கா. வீட்டைத் தன்னுதுன்னு சொன்னவனை வீட்டுக்கே வரவழைப்போம்" என்றாள்.

சற்று நேரத்தில் மைனா மரத்துக்கு மரம் கூவினாள்.

"மூணு வெள்ளைக்கல் வீட்டுத் தேன்காரருக்கு யானை ஒரு பலாப்பழம் அனுப்பியிருக்கு! வீட்டுக்காரர் மட்டும் வந்து வாங்கிக்கணும்!"

பனிக்குள்ளே முதலில் வாசம் வந்தது. பின்னாலேயே சவ்வாது வந்தான். நாச்சியும் அச்சாரம் வைத்து ஏமாந்த மற்றவர்களும் கற்றாழை மறைவில் ஒளிந்து நின்றார்கள்.

"யாரு அது?" என்றாள் கருவாயி பனிக்குள்ளிருந்து.

"நான்தான் வீட்டுக்காரன்!"

"உங்க வீடுதானா? நல்லாத் தெரியுமா?"

"என்ன கேள்வி இது! என் தாத்தா கட்டின வீடு! கண்ணை மூடிட்டு நடப்பேன்!"

"அப்ப சரி. பழம் பின்னறையில இருக்கு. போய் எடுத்துக்குங்க!"

சவ்வாது துள்ளிக்கொண்டு உள்ளே போனான். முன்னறையைத் தாண்டினான். பின்னறைக்குள் தலையை நுழைத்தான்.

அப்புறம் மலையே அதிர்ந்தது.

"ஐயோ! அம்மா! எறும்பு! இது என் வீடு இல்லே! சத்தியமா என் வீடு இல்லே!"

மூக்கிலிருந்து வால்வரை செவ்வெறும்பு தொங்க வெளியே பாய்ந்தவன், கருவாயியின் மடியிலேயே வந்து விழுந்தான். அவன் வாயில் இலுப்பைப்பூ மணத்தது.

"அப்ப யாரு வீடுடா?" என்று உறுமினாள் கருவாயி.

"தெரியாது! நான் சும்மா சொன்னேன்! எனக்கு வீடே இல்லே!"

அதைக் காடு முழுவதும் கேட்டது. அன்றைக்கே சவ்வாதை மலைத்தேன் மரத்தில் ஏற்றினார்கள். எறும்பு கடித்த இடத்திலெல்லாம் தேனீயும் கொட்டியது. அச்சாரம் வைத்த எல்லாருக்கும் தேன் வந்து சேரும்வரை அவனை இறங்க விடவில்லை. கருவாயியின் குட்டி அன்று இருமாமல் தூங்கியது.

கருவாயி வாசலைக் கட்டிக்கொடுத்தாள். உருண்டு ஓடிய வெள்ளைக் கற்களைத் தேடி எடுத்து, ஓடையில் கழுவி, வரிசையாக வைத்தாள். நாச்சியின் முகத்தைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. மைனா அதற்குப் பிறகு, யார் வீடு சொன்னாலும் தானே பறந்துபோய் விசாரித்துவிட்டுத்தான் கூவினாள்.

சில நாள் கழித்து, பனி மெத்தென்று இறங்கிய ஒரு காலையில், வழிப்போக்கர் யாரோ வாசலில் நின்று கேட்டார்கள்.

"இது யார் வீடுங்க?"

நாச்சி பாதி சுருண்டாள். பிறகு நின்று, மெல்ல விரிந்தாள்.

"என் வீடு!" என்றாள்.

வீட்டு அடையாளம் சொல்கிறவரெல்லாம் அந்த வீட்டுக்காரர் அல்ல. அதனால் பொருளைக் கொடுக்கும் முன்னும், பழியைப் போடும் முன்னும், அந்த வாசலில் நின்று நேரில் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.