நாலு வையாபுரி

ரைஸ்மில் வையாபுரி, புதுவீட்டுக் கூடத்தில் மாட்ட பழைய குடும்பப் படத்தோடு பிலோமினாவின் ஸ்டுடியோவுக்கு வந்தார். அந்தக் கட்டடமும் அவருடையதுதான்.

“தம்பி, தங்கச்சி, மகன், மூணு பேரோடவும் எனக்குப் பேச்சில்லை. அழிச்சிடு. ஆனா படம் வெறிச்சுன்னு இருக்கக்கூடாது. இருந்துச்சுன்னா, நாளைக்கே கடையைக் காலி பண்ணு.”

“வேற யாரைங்கய்யா சேர்க்க?”

“என்னோட ஒத்துப்போறவங்களைச் சேரு.”

சாயங்காலம் வந்து பார்த்தார். கம்ப்யூட்டரில் பழைய படமும் புதுப் படமும் அருகருகே இருந்தன. புதியதில் நாலு வையாபுரிகள் வரிசையாக நின்றார்கள்.

“என்ன கிண்டலா?”

“இல்லீங்கய்யா. ஊரெல்லாம் விசாரிச்சேன். உங்களோட ஒத்துப்போறவர் நீங்க ஒருத்தர்தான்.”

அவர் பழைய படத்தையே வெகுநேரம் பார்த்தார். “தம்பி கை என் தோள் மேலயா இருந்துச்சு?”

“அதை அழிக்கத்தாங்கய்யா ரொம்பக் கஷ்டப்பட்டேன்.”

“பழசையே மாட்டிக்கறேன்,” என்றார். “பால் காய்ச்சறப்ப நீயாவது வாம்மா.”