யாரும் பார்க்காத கடைசிப் பகுதி

டிவிக்கு அடியில் ஒரு பெட்டியை வைத்து, வேண்டிய நிகழ்ச்சியைப் பதிவு செய்து பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது.

தூத்துக்குடியில் ஒரு மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் அமலோற்பவம் என்ற பெண் தனியாக இருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. பேக்கரி ஒன்றில் மக்ரூன் பொட்டலம் போடும் வேலை. அவள் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு பதிவுப் பெட்டியும், டீப்பாயின் மேல் ஒரு ரிமோட்டும் இருந்தன. ஆள் இல்லாத நேரத்தில் அவை இரண்டும் பேசிக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பெட்டிக்குள் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். 'நெடுவான் கலம்' என்ற விண்வெளித் தொடரின் கடைசிப் பகுதி. முந்நூற்றுப் பன்னிரண்டாவது.

"வா, வா. ஊரே உன்னைத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கு" என்றது பெட்டி.

கடைசிப் பகுதி உள்ளே ஒடுங்கி உட்கார்ந்தது. "இந்த வீட்டுல எப்ப பாப்பாங்க?"

"அதுதான் புரியல. ஆறு வருஷமா ஏழு மணின்னா ஏழு மணிக்கே பாத்துருவாங்க. உன் அண்ணன்மார் யாரையும் நான் பதிவு பண்ணுனதே இல்ல. இன்னைக்குத்தான் என்னைப் பதிவு பண்ணச் சொல்லிட்டு டிவியை அணைச்சுட்டாங்க."

"என்னை மட்டும் பிடிக்கலையோ?"



அந்தத் தொடரை அமலோற்பவம் தனியாகப் பார்ப்பதில்லை. மாடியில் நிலோபர் என்ற பெண் குடியிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் ஒன்பது மாதம் கடலில். ஆறு வருடத்துக்கு முன்னால், மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்காமல் விட்டதற்காக அமலோற்பவத்திடம் சண்டை போட நிலோபர் இறங்கி வந்தாள். டிவியில் ஒரு கப்பல் நட்சத்திரங்களுக்கு நடுவே வழி தவறிப் போய்க்கொண்டிருந்தது. நாற்பத்தொரு பேர் உள்ளே. பூமி எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. சண்டைக்கு வந்தவள் வாசலிலேயே நின்று முழுசாகப் பார்த்தாள். முடிந்ததும், "அடுத்தது எப்பக்கா?" என்று கேட்டாள். "அடுத்த ஞாயிறு" என்றாள் அமலோற்பவம். அதோடு மோட்டார் பேச்சு போய்விட்டது.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஏழு மணிக்கு நிலோபர் வருவாள். பார்ப்பாள். போவாள். நடுவில் யாராவது பேசினால் மற்றவள் "உஸ்" என்பாள்.

அப்படிப்பட்டவர்கள் கடைசிப் பகுதியைப் பார்க்கவில்லை. அன்று காலையே நிலோபர் படியில் நின்றபடி, "அக்கா, காய்ச்சல் அடிக்கு. இன்னைக்கு வரல. நீங்க பாருங்க" என்றாள். அமலோற்பவமும், "எனக்கும் பேக்கரியில கூடுதல் வேலை பிள்ள. பதிவு பண்ணி வைக்கேன், பொறவு பாப்போம்" என்றாள்.

காய்ச்சலும் பொய், கூடுதல் வேலையும் பொய். ஏழு மணிக்கு அமலோற்பவம் வீட்டில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மேலே நிலோபர் நடக்கும் சத்தம் நன்றாகக் கேட்டது.

ஒரு வாரம் போயிற்று. ஊர் முழுக்கக் கடைசிப் பகுதியைப் பற்றித்தான் பேச்சு. அமலோற்பவத்தின் செல்போன், சார்ஜ் ஏற வந்து டிவி பக்கத்தில் கிடக்கும்போதெல்லாம் செய்தி சொல்லியது.

"ரசிகர் குழுவுல அடிதடி" என்றது செல்போன். "ஏமாத்திட்டாங்கன்னு பாதிப் பேர். அழுதோம்னு பாதிப் பேர். ஒருத்தர் இருநூறு வரி எழுதிட்டு, இனிமே எந்தத் தொடரும் பாக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்காரு. இந்தம்மா எதையும் தொறக்கவே மாட்டேங்காங்க."

கடைசிப் பகுதி குன்றிப்போனது. "எனக்கு முன்னாடி வந்தவங்க எல்லாரும் கப்பலை அடுத்த எடத்துக்குக் கொண்டுபோய் விட்டாங்க. நான் ஒருத்தன்தான் கொண்டுபோய் நிறுத்துறவன். நிறுத்துறவனை யாருக்குப் பிடிக்கும்?"

"நீ வராம இருந்திருந்தா?" என்று கேட்டது ரிமோட். அதற்கு எப்போதும் அவசரம். "கப்பல் நடுவானத்துலயே கெடக்கும். அது நல்லா இருக்குமா?"

இரண்டாவது ஞாயிறும் யாரும் வரவில்லை. மூன்றாவது, நான்காவது ஞாயிறும் அப்படித்தான். படியில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும், "பாத்துட்டீங்களா?" "இல்ல பிள்ள, நீ?" "நான் எங்க பாக்க?" என்று கேட்டுவிட்டு வேகமாக நகர்ந்தார்கள். பேக்கரியில் யாரோ முடிவைச் சொல்ல வாயெடுத்தபோது அமலோற்பவம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கடைக்கு வெளியே போய் நின்றாளாம். இதையும் செல்போன்தான் சொன்னது.

ஒரு நாள் அமலோற்பவம் மதுரையில் இருக்கும் தங்கையிடம் போனில் பேசினாள். பெட்டி, ரிமோட், கடைசிப் பகுதி மூன்றும் கவனித்தன.

"எனக்குப் பாக்கணும்தான் ஆசை. ஆனா பாத்துட்டா முடிஞ்சுரும்லா? பொறவு அந்தப் பிள்ள எதுக்கு எறங்கி வரப்போறா? கதைக்காகத்தான வந்தா. எனக்காகவா வந்தா?"

போனை வைத்துவிட்டு அவள் குளிக்கப் போனாள்.

 "என் மேல கோபம் இல்லையா அப்ப?" என்றது கடைசிப் பகுதி.

"உன் மேல ஒண்ணும் இல்ல" என்றது பெட்டி. "கதை முடிஞ்சா அவ வரமாட்டான்னு பயம். அந்தப் பயத்துல, முடியறதுக்கு முன்னாடியே அவளை வராம ஆக்கிட்டாங்க. நாலு ஞாயிறு போச்சு பாரு."

"மாடியில இருக்கிறவங்களுக்கு என்ன பயமாம்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் கீழ் வீடு."

அதோடு பெட்டி இன்னொரு விஷயத்தையும் சொன்னது. பதிவு செய்தது எதுவானாலும் முப்பது நாள்தான் தன்னால் வைத்திருக்க முடியும். அதற்குப் பிறகு தானாக அழிந்துவிடும். அது கம்பெனி வைத்த ஏற்பாடு. பெட்டியின் கையில் இல்லை. அன்றைக்கு இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

"யாரும் பாக்காம நான் அழிஞ்சுருவேனா?"

"ஆமா."

கடைசிப் பகுதிக்குத் தன் கவலை சின்னதாகத் தோன்றியது. நாற்பத்தொரு பேரை உள்ளே வைத்துக்கொண்டு அது உட்கார்ந்திருக்கிறது. இந்த வீட்டில் அவர்கள் கரை சேர்வது இனி இரண்டு பொய்க்காரிகளின் கையில்.

"என்னைத் திட்டட்டும்" என்றது அது. "இருநூறு வரி எழுதட்டும். ஆனா பாக்கணும். என்ன செய்யலாம்?"

"யாராவது அழுத்தணும்" என்றது பெட்டி.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றது ரிமோட்.

மறுநாள் சனிக்கிழமை. மதியம் மூன்று மணி. டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருக்க, அமலோற்பவம் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ரிமோட் டீப்பாயின் ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அதற்கு உயரம் என்றால் பயம். கண்ணை மூடிக்கொண்டு குப்புற விழுந்தது. மூடி கழன்று ஒரு பேட்டரி உருண்டோடியது. ஆனால் அதற்குள் அழுத்த வேண்டியதை அழுத்திவிட்டது.

'நெடுவான் கல'த்தின் தொடக்க இசை வீடு முழுக்க எழுந்தது.

அமலோற்பவம் ஈரக்கையோடு ஓடி வந்தாள். ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். அது வேலை செய்யவில்லை. பேட்டரியைத் தேடிக் குனிந்தாள். அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். நிலோபர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"என்னக்கா, நான் இல்லாம பாக்குதீங்களா?"

"ஐயோ இல்ல பிள்ள! அது தானா ஓடுது!"

"தானா எப்படிக்கா ஓடும்?"

"சத்தியமா. இந்தா, பேட்டரி கூட வெளிய கெடக்கு பாரு."

நிலோபர் நம்பவில்லை. கண் கலங்கிவிட்டது. "நான் வரலன்னு சொன்னது, கப்பல் கரை சேராமப் போயிருமோன்னு பயந்துதான். எங்க மச்சான் கப்பல்ல இருக்காரு. அவுக நடுக்கடல்ல இருக்கும்போது இது மூழ்குறதை நான் எப்படிப் பாப்பேன்? அதுக்காக நீங்க தனியா பாத்துருவீங்களா?"

அமலோற்பவத்துக்கு மனசு ஒரு மாதிரி ஆனது. மீன் கையைச் சேலையில் துடைத்தாள். "உக்காரு. மூழ்குனா நானும் சேந்து அழுவேன்."

ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

கடைசிப் பகுதி தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தது. வெடிப்பு, ஓட்டம், இருட்டு, பிறகு தூரத்தில் நீலமாக ஒரு புள்ளி. சின்னப் படகுகளில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். நாற்பது பேரையும் அனுப்பிவிட்டுத் தளபதி இளவேனில் கடைசியாக ஒரு கடற்கரையில் வந்து இறங்கினாள். அங்கே மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டாள். வந்தவள் யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். இளவேனில் குடித்தாள். அவ்வளவுதான். பெயர்கள் ஓடத் தொடங்கின.

 கடைசிப் பகுதி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள் அமலோற்பவம். "ஆறு வருஷமா நாப்பது பேரைக் காப்பாத்துனவளுக்கு ஒரு மாலை கூடவா போடக்கூடாது?"

நிலோபர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்க மச்சான் ஊருக்கு வந்து எறங்கும்போதும் யாரும் மாலை போடுறதில்லக்கா. வாசல்ல நின்னு தண்ணிதான் கேப்பாரு. கரைக்கு வந்துட்டாள்லா. எனக்கு அது போதும்."

அமலோற்பவத்துக்கு அது போதவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மீனைப் பார்க்கப் போனாள். நிலோபர் மாடியேறிப் போனாள்.

"ஒருத்தங்களுக்குப் பிடிச்சுது, ஒருத்தங்களுக்குப் பிடிக்கல" என்றது பெட்டி.

"பாத்தாங்க" என்றது கடைசிப் பகுதி. அதன் குரலில் இருந்த பாரம் குறைந்திருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆறரை மணியிலிருந்தே அமலோற்பவம் எதிலும் மனசு ஒட்டாமல் நடந்துகொண்டிருந்தாள். துவைத்த துணியை மடித்தாள், மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தாள். ஏழு மணிக்கு வாசலைப் பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாகத் திரும்பி நின்றாள்.

ஏழு ஐந்துக்குக் கதவு தட்டப்பட்டது.

நிலோபர் ஒரு தட்டில், தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் கொண்டுவந்திருந்தாள். உள்ளே வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே டிவி கறுப்பாக இருந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போடவா?" என்று கிசுகிசுத்தது ரிமோட். அதற்கு இப்போது புதுப் பேட்டரி.

"சும்மா கெட" என்றது பெட்டி.

"ராத்திரி பூரா யோசிச்சேங்க்கா" என்று தொடங்கினாள் நிலோபர். "மாலை போட்டிருக்கணும்னு நீங்க சொன்னது தப்பு."

"என்ன தப்பு? தண்ணி குடுத்தவளுக்காவது இவ யாருன்னு தெரிஞ்சிருக்கணுமா வேண்டாமா?"

"தெரிஞ்சா அது தண்ணியா இருக்காதுக்கா, உபசாரமா ஆயிரும்."

"ஏ, உனக்கு இவ்வளவு பேச வருமா? ஆறு வருஷமா வாயே தொறக்கல!"

"நீங்கதான் உஸ்ஸுன்னுட்டே இருந்தீங்களே!"

அமலோற்பவம் விழுந்து விழுந்து சிரித்தாள். நிலோபர் வட்டிலப்பத்தை நீட்டினாள். புருஷன் இப்போது எந்தக் கடலில் இருக்கிறான் என்று அமலோற்பவம் கேட்டாள். ஆறு வருடத்தில் கேட்காத கேள்வி. நிலோபர் சொன்னாள். பிறகு, "நீங்க ஏன்க்கா தனியா இருக்கீங்க?" என்று திருப்பிக் கேட்டாள். அதுவும் கேட்காத கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல நேரம் பிடித்தது.

பேச்சு எட்டு மணியைத் தாண்டியது. கழுத்து வலித்ததோ என்னவோ, நிலோபர் எழுந்து நாற்காலியை அமலோற்பவத்தின் பக்கம் திருப்பிப் போட்டாள். அமலோற்பவமும் தன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறு வருடமாக அந்த டிவி அவர்கள் இரண்டு பேரின் முகத்தையும் நேராகவே பார்த்து வந்தது. அன்றுதான் முதன்முறையாகப் பக்கவாட்டில் பார்த்தது.