டம்ளருக்குள் மொச்சைக்கொட்டை

செந்தூர்பாண்டி வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர்: அவன், பெண்டாட்டி சொர்ணம், அவள் தம்பி தங்கப்பழம். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அதையும் முறை வைத்துத்தான் பயன்படுத்தினார்கள்.

பாவம், மகள் இசக்கிக்கு மட்டும் தனி மூளை. இரண்டாம் வகுப்புப் படித்தாள்.

போன மாதம் டீச்சர், தண்ணீரில் முட்டையை மிதக்க வைத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். ‘தேவையான அளவு உப்பு சேர்க்கவும்’ என்று அவர் கொடுத்த தாளில் எழுதியிருந்தது. சொர்ணம் ஒரு சிட்டிகை போட்டு, நாக்கில் விட்டுப் பார்த்து, “போதும், இதுக்கு மேல போட்டா கரிக்கும்” என்று சொல்லிவிட்டாள். முட்டை அடியிலேயே கிடந்தது. வகுப்பே சிரித்தது. பிள்ளை அழுதுகொண்டே வந்தாள். செந்தூர்பாண்டிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த முறை மொச்சைக்கொட்டை. கண்ணாடி டம்ளரில் ஈரப் பஞ்சை அடைத்து, ஓரத்தில் கொட்டையை வைத்து முளைக்க விட வேண்டும். வெள்ளிக்கிழமை வகுப்பில் காட்ட வேண்டும்.

“இந்தத் தடவை தாள்ல உள்ளபடிதான். ஒரு எழுத்து பிசகக் கூடாது,” என்றான் செந்தூர்பாண்டி. பிள்ளை மேல் சத்தியமும் பண்ணினான்.

‘வெயில் படும் இடத்தில் வைக்கவும்.’ ஜன்னலில் வைத்தார்கள். பத்து மணிக்கு வெயில் முற்றத்துக்குப் போனது, டம்ளரும் போனது. மதியம் தெருவுக்குப் போனது. சாயங்காலம் செந்தூர்பாண்டியும் தங்கப்பழமும் டம்ளரோடு ஊருக்கு மேற்கே குளத்தங்கரையில் நின்றார்கள்.

“அத்தான், வெயில் மலைக்கு அந்தப் பக்கம் போகுது. கேரளாவுக்கு பஸ் ஏறிருவமா?”

“தாள்ல பஸ்ஸைப் பத்தி ஒண்ணும் போடலையேடா,” என்று செந்தூர்பாண்டி யோசித்து, திரும்பி வந்தான்.

‘பெரியவர்களின் துணையோடு செய்யவும்.’ அதனால் கொட்டையைத் தனியாக விடவேயில்லை. ஒருத்தர் குளிக்கப் போனால் இன்னொருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து அதோடு பேசிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது. கொட்டை எப்படி விழுந்திருந்ததோ, வேர் மேலே பார்த்துக் கிளம்பியிருந்தது.

செந்தூர்பாண்டிக்குத் திக்கென்றது. தாளைப் படித்தான். ‘வேர் கீழும் தளிர் மேலும் வளர்வதைக் காட்டவும்.’

“அக்கா, கொட்டையைத் திருப்பி வைப்பமா?”

“வைக்கவும்னு ஒரு தடவைதானே போட்டிருக்கு? ரெண்டாவது தடவை தொட்டா தப்பு,” என்றாள் சொர்ணம்.

கொட்டையைத் தொடாமல் டம்ளரையே தட்டில் கவிழ்த்து வைத்தார்கள். வேர் கீழே வந்துவிட்டது. அப்படியே வளர்ந்தது, வியாழக்கிழமை பச்சைத் தளிரும் மேலே வந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை இசக்கி டம்ளரை நிமிர்த்திக் கையில் எடுத்தாள். வேர் வானத்தைப் பார்த்தது, தளிர் தரையைப் பார்த்தது.

“அப்பா!” பிள்ளையின் உதடு துடித்தது.

“டம்ளர் நேரா இருந்தா செடி தலைகீழா இருக்கு,” என்றான் தங்கப்பழம்.

“செடி நேரா இருந்தா டம்ளர் தலைகீழா இருக்கு. பஞ்செல்லாம் சீருடையில விழுந்திரும்,” என்றாள் சொர்ணம்.

இரண்டும் நியாயமாகவே பட்டன. பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. செந்தூர்பாண்டிக்குக் கண் கலங்கியது. பிள்ளை மறுபடியும் அழுவதா? அன்றைக்கு மூளை அவன் முறை.

“டம்ளர்லயும் தப்பில்லை, செடியிலயும் தப்பில்லை. பாக்குறவங்க நிக்கிறதுதான் தப்பு. கிளம்புங்க!”

வகுப்பில் இசக்கி டம்ளரை நீட்டினாள். பிள்ளைகள் சிரிக்க வாயெடுப்பதற்குள், செந்தூர்பாண்டி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, சுவரோரம் தலைகீழாக நின்றான். பக்கத்தில் தங்கப்பழம்.

“டீச்சர், இங்கயிருந்து பாருங்க! எல்லாம் தாள்ல உள்ளபடி இருக்கு!”

பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்? இருபத்திரண்டு பேரும் ஓடிவந்து சுவரோரம் தலைகீழாக நின்றார்கள். “ஆமா டீச்சர், வேர் கீழ இருக்கு! தளிர் மேல இருக்கு!” என்று கைதட்டப் போய் நாலைந்து பேர் விழுந்தார்கள். இசக்கி நடுவில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள். டீச்சரும் கழுத்தைச் சாய்த்துப் பார்த்து, “சரியாத்தான் இருக்கு,” என்று டம்ளரில் நட்சத்திரம் ஒட்டினார்.

கூச்சல் கேட்டுத் தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். வரிசையாகக் கால்களைப் பார்த்தார்.

“என்னய்யா நடக்குது இங்க?”

செந்தூர்பாண்டி அவரைக் கீழிருந்து கவலையோடு பார்த்தான்.

“எங்களை விடுங்க சார். நீங்க எதுக்கு இப்படித் தலைகீழா நிக்கீங்க? ரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிரப் போகுது!”