சருகு தின்னப் பழகிய மண்

அந்தக் காலத்தில் மண்ணுக்கு நிறமே கிடையாது. எங்கே பார்த்தாலும் அடுப்புச் சாம்பல் மாதிரி வெளுத்துக் கிடக்கும். மரம் பேசும், மாடு பேசும், மண்புழுகூடப் பேசும். மண் மட்டும் வாய் திறந்ததில்லை. அது வாய் திறந்த அன்றைக்கு நடந்த கதை இது.

புங்கமேடு என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு உதிர்ந்த இலையைக் கண்டால் குலை நடுங்கும். இலை உதிர்ந்தால் அது பிணம். பிணத்தைச் சுடாமல் போட்டு வைப்பார்களா? பொழுது சாய்வதற்குள் அவரவர் நிலத்தில் கிடக்கும் சருகு, சோளத்தட்டை, வேர்க்கட்டை எல்லாவற்றையும் ஒட்டக் கூட்டி, வரப்போரம் குவித்து, மூன்று முறை சுற்றி வந்து கொள்ளி வைக்க வேண்டும். சுடாத சருகு மண்ணில் மக்கினால் பேயாகி அந்த வீட்டிலிருந்து ஓர் உயிரைக் கொண்டுபோகும் என்று நம்பினார்கள். அப்படியெல்லாம் இல்லை என்று மரங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தன. யார் கேட்டார்கள்? மண்ணுக்குச் சேர வேண்டிய கறுப்பெல்லாம் புகையாக வானத்துக்குப் போனது. மண் பட்டினி கிடந்தது.

அந்த ஊரில் மயிலாத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். எட்டு வருசம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பெண் குழந்தை அவளுக்கு. தவழ்கிற வயசு. புருசன் காரியப்பன் நல்லவன்தான், ஆனால் பயந்தாங்கொள்ளி. ஊரே அப்படித்தான் என்பதால் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

ஒரு கோடையில் நிலம் வெடிக்க ஆரம்பித்தது. முதலில் விரல் நுழைகிற வெடிப்பு, அப்புறம் கை நுழைகிற வெடிப்பு. மேய்ந்துகொண்டிருந்த கோழி ஒன்று திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமல் போனது. வெடிப்போரம் இரண்டு இறகு ஒட்டிக்கிடந்தது. அடுத்த வாரம் ஒரு கன்றுக்குட்டி போனது. தாய்ப்பசு வீடு வீடாக நின்று, “என்ற கன்னு எங்க, என்ற கன்னு எங்க” என்று கேட்டது. ஊரார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எவனோ சருகைச் சுடாமல் விட்டிருக்கிறான், அது பேயாகிப் பிடிக்கிறது என்று முடிவு கட்டி, முன்னைவிட அதிகமாய் எரித்தார்கள். எரிக்க எரிக்க வெடிப்பு அகலமாகிக்கொண்டே வந்தது.

மயிலாத்தாள் குழந்தையை இடுப்பைவிட்டு இறக்கவே மாட்டாள். ஆனாலும் சருகு கூட்டாமல் இருக்க முடியுமா? ஒருநாள் சாயங்காலம் கூடை நிறையச் சருகை அள்ளியவள், இரண்டு கையாலும் அதைத் தூக்கித் தலையில் வைக்கிற நேரத்துக்கு மட்டும் குழந்தையைக் கீழே விட்டாள்.

மண் வாய் திறந்தது. குழந்தை அழக்கூட இல்லை. இடுப்பு வரைக்கும் உள்ளே போய், அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

கூடையைப் போட்டுவிட்டு ஓடி, அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். வரவில்லை. கீழே எதுவோ பிள்ளையின் குதிகாலைக் கவ்விப் பிடித்திருந்தது.

“உடு. என்ற புள்ளைய உடு.”

“பசிக்குது,” என்றது மண். அந்தக் குரல் அவள் உள்ளங்கால் வழியாக ஏறி வந்தது. “பயிர எடுத்துக்கறீங்க. தட்டையவும் எடுத்துக்கறீங்க. வேரக்கூட உடாமச் சுட்டுப்போடறீங்க. எனக்கு எட்டுனத நான் திங்கறேன்.”

பக்கத்தில் சருகுக் கூடை கிடந்தது. சுடாத சருகைக் கொடுத்தால் பேய் பிள்ளையைக் கொண்டுபோகும். கொடுக்காவிட்டால் மண் கொண்டுபோகும். அவள் தயங்கிய அந்தக் கொஞ்ச நேரத்தில் குழந்தை மார்பளவு இறங்கிவிட்டது. கை இரண்டும் பிள்ளையைப் பிடித்திருந்ததால், கூடையைக் காலாலேயே உதைத்து வெடிப்புக்குள் கவிழ்த்தாள்.

கையில் கொள்ளியோடு வந்த காரியப்பன் அதைப் பார்த்து வரப்பிலேயே நின்றுவிட்டான். “ஏ புள்ள, பொணத்தக் கால்ல ஒதைக்கறியே. பேயி நம்மளப் புடிச்சுக்கும்.”

“புடிச்சாச்சுங்க,” என்றாள். “இன்னும் எதப் புடிக்கப் போகுது? கொள்ளியப் போட்டுட்டு அந்தச் சருகுக் குமியல அள்ளிட்டு வாங்க.”

அவன் கொள்ளியைக் கீழே போட்டுவிட்டு அள்ளி வந்து கொட்டினான். மண் முனகியது. “எனக்குப் பல்லில்ல. தொண்டையில நிக்குது.” பிடி தளரவில்லை.

கொட்டிய சருகிலிருந்து ஒரு மண்புழு நெளிந்து வெளியே வந்தது. அப்போதெல்லாம் அதற்குக் கண் உண்டு. சருகுக்கடியில், தரைக்கு மேலேதான் குடியிருந்தது. கீழே கிடந்து புகைகிற கொள்ளியைப் பார்த்து அது சுருண்டுகொண்டது.

“சாமி, நீ எல திங்கற சீவந்தான? உள்ள போயி மென்னு குடு,” என்று மயிலாத்தாள் கெஞ்சினாள்.

“உள்ள இருட்டு. கண்ணு அவிஞ்சு போயிரும்,” என்றது புழு. பிறகு மறுபடியும் கொள்ளியைப் பார்த்தது. “நேத்து வெச்ச தீயில என்ற கூடப்பொறந்ததுக அத்தனையும் பொசுங்கிப் போச்சு. மேல இருந்தா உங்க தீ, கீழ போனா இருட்டு. இருட்டே தேவல. ஆனா இனிமேல் நீங்க தீ வெக்கக்கூடாது.”

மயிலாத்தாள் புருசனைப் பார்த்தாள். காரியப்பன் கொள்ளியை எடுத்து, வெறுங்கையால் புழுதியை அள்ளிப் போட்டு அணைத்தான். புழு வெடிப்புக்குள் இறங்கியது.

ஆடு அசை போடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது. பிடி மெல்ல மெல்ல நெகிழ்ந்து, குழந்தை அம்மா மேலே வந்து விழுந்தது. அதன் குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மண் வாய் மூடிய இடத்தில், முறத்தளவுக்குத் தரை கறுத்துக் கிடந்தது.

“போதுமா?” என்று கேட்டாள்.

“தின்னதுல முக்காவாசி மூச்சுக்காத்தாப் போயிரும்,” என்றது மண். “மிச்சந்தான் ஒடம்புல ஒட்டும். அடுத்த வருசமும் பசிக்கும்.”

மயிலாத்தாள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஒரு மாசம் அவள் குழந்தையின் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேய் இன்று வரும், நாளைக்கு வரும் என்று செத்துச் செத்துப் பிழைத்தாள். வந்தது மழைதான். ஊரெல்லாம் பெய்த தண்ணீர் ஓடி வடிந்தபோது, அந்தக் கறுப்பு இடம் மட்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. அங்கே விதைத்த சோளம் ஆள் உயரம் வளர்ந்தது. ஊரார் வந்து பார்த்தார்கள், கறுத்த மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அன்று சாயங்காலம் எந்த வரப்பிலும் புகை எழவில்லை. குழந்தையின் குதிகால் வெடிப்பு மட்டும் ஆறவே இல்லை.

அன்று முதல்தான் சருகு மக்கிய நிலம் கறுத்திருக்கிறது, மண்புழு கண்ணில்லாமல் இருட்டில் மென்றுகொண்டிருக்கிறது, காடு கழனியில் பாடுபடுகிறவர்களுக்குக் குதிகால் வெடிக்கிறது. கோடையில் நிலம் வாய் பிளந்து கிடப்பதைப் பார்க்கிற தாய், முதலில் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள், அப்புறம்தான் சருகுக் கூடையைத் தேடுகிறாள்.