ஒரு சொட்டு

“காம்பவுண்டை விட்டு மழைத்தண்ணி ஒரு சொட்டு வெளியே போனாலும் வேலை ரத்து!” பசுமைக் கட்டட ஒப்பந்தத்தில் முதலாளி சிங்காரம் எழுதிவைத்த ஷரத்து இது.

ஒப்படைக்கிற நாளன்று மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வேலையை எடுத்திருந்த பிளம்பர் மிக்கேல் ஒப்படைப்புத் தாளோடு காத்திருந்தான். சிங்காரம் குடையோடு மூலைமுடுக்கெல்லாம் துருவினார். ஒரு கசிவும் சிக்கவில்லை.

“இன்னொரு மழை வரட்டும், அப்புறம் கையெழுத்துப் போடறேன்” என்று சொல்லிவிட்டு வாசல் கேட்டை நோக்கி நடந்தார்.

மிக்கேல் ஓடிப்போய் மறித்தான்.

“ஐயா, உங்க குடையும் வேட்டியும் சொட்டுதே! நீங்க வெளியே கால் வச்சா என் வேலை ரத்தாயிடும். காயுற வரைக்கும் உள்ளேயே இருங்க.”

“எவ்வளவு நேரம்டா?”

“கையெழுத்துப் போட்டுட்டா அது உங்க தண்ணி. எங்க வேணும்னாலும் கொண்டுபோங்க.”

சிங்காரம் வேட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பேனா கேட்டார்.