செம்பி பிடித்த பிடி

தசைகளுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், இரத்தம் இறைப்பதற்கென்று தனி ஆள் கிடையாது. ஒரு புள்ளிமானின் உடம்பில் கால் தசை, தோள் தசை, நெஞ்சுத் தசை எல்லாம் முறை வைத்துக்கொண்டு இறைத்தன. விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு பை தொங்கியது. முறைக்காரர்கள் அதைச் சுற்றி நின்று அமுக்குவார்கள், விடுவார்கள். விட்டால் பை நிறையும். அமுக்கினால் இரத்தம் உடம்பெல்லாம் பாயும். ஆள் மாறும்போது, வருகிறவர் "பிடிச்சாச்சு" என்று சொன்ன பிறகுதான் இருக்கிறவர் கையை எடுக்கலாம். அது கட்டுப்பாடு.

நெஞ்சுத் தசைகளில் மூத்தவள் செம்பி. அன்று உச்சிவேளையில் தங்கைகளோடு முறையை முடித்து, கால் தசையான தொடையப்பனிடம் பையை ஒப்படைத்துவிட்டு, ஒரு விலா எலும்பில் சாய்ந்தாள். கண் சொருகியது.

"செம்பியக்கா."

"என்னடா?"

"புலி வாடை அடிக்குது. மான் ஓடணும்னா நான் போயாகணும். கொஞ்ச நேரம் பிடிச்சுக்க."

"இப்பத்தானேடா விட்டேன். தோளுக்காரன் எங்க?"

"முன்னங்காலை யாரு தூக்குறது, உங்க மாமனா?"

செம்பிக்குச் சிரிக்கத் தெம்பில்லை. தங்கைகளையும் எழுப்பிக்கொண்டு போய்ப் பையில் கை வைத்தாள். "பிடிச்சாச்சு, போ."

மான் பாய்ந்தது. நாலு காலும் இரத்தம் கேட்டுக் கத்தின. களைத்துப்போயிருந்த தங்கைகள் ஆளுக்கொரு நேரத்தில் அமுக்கினார்கள். ஒருத்தி அமுக்கும்போது அடுத்தவள் விட்டாள். பை வெறுமனே நடுங்கியது, இரத்தம் நகரவில்லை. மானுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"என்னால ஆகல. விட்டுடறேன்" என்றாள் கடைசித் தங்கை நாச்சி.

"விட்டா எல்லாரும் போயிடுவோம்டி. கையைக் குடு."

செம்பி தன் கை ஒவ்வொன்றையும் இரண்டு கிளையாகப் பிரித்து நீட்டினாள். பக்கத்தில் நின்றவர்களின் விரல் இடுக்குகளில் தன் விரல்களைச் செருகி இறுக்கினாள். அவர்களும் தங்களுக்கு அடுத்தவர்களிடம் அப்படியே செய்தார்கள். இப்போது ஒருத்தியின் துடிப்பு கைவழியே எல்லோருக்கும் ஓடியது. பை ஒரே அமுக்காகச் சுருங்கியது. மானுக்குக் கண் தெளிந்தது.

அமுக்குகிறவர்களுக்குப் பசி வந்தது. தொடையப்பன் அவசரமாக ஓடும்போது சர்க்கரையைத்தான் தேடுவான். செம்பிக்குப் பொறுக்கித் தின்ன நேரமில்லை. கொழுப்பு வந்தால் கொழுப்பு. தொடையப்பன் அரைகுறையாக எரித்துத் தள்ளிய புளித்த மிச்சம் வந்தால் அதுவும். ஒவ்வொருத்தியும் தன் உடம்புக்குள் நூறு நூறாக அடுப்பு மூட்டினாள். கடைசியில் அவர்கள் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு அடுப்பாகவே ஆகிவிட்டது. அடுப்பு அணையாமலிருக்க ஓயாமல் காற்று வேண்டும். ஆனால் அமுக்கும்போது அவர்களுக்குச் சோறும் காற்றும் கொண்டுவரும் குழாய்களே நசுங்கின. கையைத் தளர்த்தும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் எல்லாம் வந்து சேர்ந்தது.

அமுக்கிக்கொண்டிருக்கையில் கால்கள் எவ்வளவு கத்தினாலும் செம்பி காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டிருந்தால் விடாமல் அமுக்கி, அப்படியே இறுகிப்போயிருப்பாள்.

புலி சலித்துத் திரும்பியது. தொடையப்பன் நொண்டிக்கொண்டு வந்தான்.

"குடுக்கா, நான் பிடிக்கிறேன்."

செம்பி விரல்களை உருவப் பார்த்தாள். வரவில்லை. பிடித்த இடங்களில் தோலோடு தோல் தைத்ததுபோல் ஒட்டிப்போயிருந்தது. பல்லைக் கடித்து இழுத்தாள். ஒரு துடிப்பு தப்பியது. மானின் முழங்கால்கள் மடங்கின.

அவள் இழுப்பதை நிறுத்திவிட்டாள்.

"வேண்டாம்டா. இருக்கட்டும்."

"எத்தனை நாளைக்குக்கா?"

"மான் இருக்கிற வரைக்கும்."

"நான் கொஞ்ச நேரம்னுதானே கேட்டேன்."

"தெரியும். நீ போய்ப் படு."

"நீ எப்பத் தூங்குவ?"

செம்பி அமுக்கினாள். விட்டாள். பை நிறைய ஆரம்பித்தது. "இப்ப தூங்கினேனே" என்றாள். அடுத்ததற்குக் கையை இறுக்கினாள்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். கால் வலித்தால் உட்கார்ந்துகொள்கிறோம், கை வலித்தால் தொங்கப்போடுகிறோம். இதயம் என்று நாம் சொல்லும் அந்த நெஞ்சுத் தசை மட்டும், கிளைத்த கைகளைக் கோத்தபடி, ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் சாப்பிட்டு, அங்கேயே உறங்கி எழுந்துகொள்கிறது.