மூட்டையின் வாயும் ஏரியின் கடைமடையும்

சாதுர்யக் கதைகளில் அரசன் இருப்பான், அமைச்சன் இருப்பான், இருவரையும் சிரிக்கவைக்கும் புலவனும் இருப்பான். மூவரும் உண்ட சோற்றுக்கு அரிசியைச் சோதித்துக் கொடுத்தவள் மட்டும் இருக்கமாட்டாள். பெருமடை நாட்டு அரண்மனைக் களஞ்சியத்தில் அப்படி ஒருத்தி இருந்தாள். பெயர் காரிநங்கை. மூட்டையின் வயிற்றில் குத்தூசியைச் செருகி, ஒரு பிடி அரிசியை உருவியெடுத்து, அதை ஏற்பதா திருப்புவதா என்று சொல்வது அவள் வேலை. வணிகர்களுக்கு அவளைப் பிடிக்காது.

மன்னன் மாறவேளின் பிறந்தநாள் நெருங்கியது. ஏரியில் தெப்பம் விட ஆசைப்பட்டான். தெப்பம் மிதக்க வேண்டுமானால் மதகை ஒரு மாதம் அடைக்க வேண்டும். அடைத்தால் மதகடி வயல்கள் கசிவு நீரில் பிழைத்துக்கொள்ளும். வாய்க்காலின் கோடியிலிருக்கும் கடைமடை வயல்கள் கருகிவிடும்.

"மக்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று அரசன் அவையில் கேட்டான்.

அமைச்சர் விழுப்பரையர் எழுந்தார். "ஆயிரம் பேரைக் கேட்டேன், அரசே. ஆயிரம் பேரும் தெப்பம் வேண்டும் என்கிறார்கள்."

விருந்துக்கான அரிசியைக் காட்ட வந்து ஓரமாக நின்றிருந்த காரிநங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதற்குச் சிரித்தாய்?" என்றான் அரசன்.

"ஆயிரம் பேரும் ஒரே விடை சொன்னார்களே, அதற்கு. அமைச்சர் அவர்களை எங்கே கண்டார்?"

"மதகடி அன்னதானப் பந்தியில்!" என்றார் விழுப்பரையர் பெருமையாக.

"சோறு போட்ட பிறகு கேட்டீர்களா, போடுவதற்கு முன்பா?"

"இலை போட்டாயிற்று. சோறு இன்னும் வரவில்லை."

"காவலர்கள்?"

"இரண்டு பேர்தான் நின்றார்கள். வாள் உறையில்தான் இருந்தது!"

"கேட்ட கேள்வி?"

"'அரசர் பிறந்தநாள் சிறக்க வேண்டாம் என்பவர் எவராவது உண்டா?'"

அவை அடக்கமாகச் செருமியது. அரசனுக்கு முகம் சிவந்தது. "அமைச்சர் ஆயிரம் பேரைக் கேட்டார். நீ எத்தனை பேரைக் கேட்பாய்?"

"நாற்பது போதும்."

"ஆயிரத்தை நாற்பது வெல்லுமா? நாளைப் பகலுணவுக்குள் எனக்குப் புரியவை. இல்லையேல் குத்தூசியைக் கொடுத்துவிட்டுப் போய்விடு. மதகும் அடைபடும்."

காரிநங்கை பிறந்த ஊர் கடைமடையில் இருந்தது. அவள் வணங்கினாள். "அப்படியானால் நாளைய அரிசியை அமைச்சரே தம் முறைப்படி தேர்ந்து தரட்டும்."

மறுநாள் காலை, திருப்பியனுப்ப ஒதுக்கியிருந்த மூட்டை ஒன்றை அவள் விழுப்பரையர் முன் அவிழ்த்து வைத்தாள். மூட்டையின் வாயருகே முத்து முத்தாகச் சம்பா. அமைச்சர் ஒரு படி அள்ளினார், தட்டில் பரப்பினார், ஆயிரம் மணிக்குமேல் எண்ணியே பார்த்தார். "ஒரு கல் இல்லை, ஓர் உமி இல்லை. சமைக்கலாம்!"

சமைத்தார்கள். அரசனும் அமைச்சரும் எதிரெதிரே அமர்ந்தார்கள். அரசன் ஒரு கவளம் உண்டான். "பிரமாதம்!" என்றான்.

அமைச்சர் ஒரு கவளம் உண்டார். 'நறுக்'கென்று ஒலி கேட்டது. அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "கல்! முழுக்கக் கல்! இது நான் பார்த்த அரிசியே இல்லை!"

"அதே மூட்டைதான், ஐயா," என்றாள் காரிநங்கை. "மேலே இருந்தது அரசர் இலைக்குப் போனது, அடியில் இருந்தது உங்கள் இலைக்கு வந்தது. அரசர் மதகடியில் உண்கிறார். நீங்கள் கடைமடையில் உண்கிறீர்கள்."

அரசன் புரையேறும்வரை சிரித்தான். பிறகு கையிலிருந்த கவளத்தைக் கீழே வைத்தான். "சரி. உன் நாற்பது பேரைக் காட்டு."

"நான் பொறுக்கினால் என் ஆட்களாகிவிடுவார்கள். ஊர்ச்சபைகளில் வீட்டுக்கு ஒரு பெயர் ஓலை இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே குடத்தில் போட்டுக் குலுக்குங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நீங்களே எடுங்கள்."

அரசன் நாற்பது ஓலை எடுத்தான். அந்த நாற்பது வீட்டுக்கும் காவலர் இல்லாமல் ஒரு மூடிய கலயம் போனது. மதகை அடைக்கலாம் என்பவர் நெல்லும், கூடாது என்பவர் உளுந்தும் போட வேண்டும். யார் எதைப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. கலயம் திரும்பியது. உளுந்து இருபத்தேழு, நெல் பதின்மூன்று.

"தற்செயல்!" என்று கத்தினார் விழுப்பரையர், கன்னத்தில் ஒத்தடத்தோடு.

"இருக்கலாம்," என்றாள் அவள். "ஓலைகளைத் திரும்பப் போட்டு மறுபடி எடுங்கள்."

எடுத்தார்கள். உளுந்து இருபத்தைந்து; நெல் பதினைந்து.

"எண்ணிக்கை மாறிவிட்டதே!"

"சற்று மாறத்தான் செய்யும், ஐயா. தலைகீழாக மாறியதா?"

மதகு திறந்தே இருந்தது. பிறந்தநாளன்று தெப்பம் கரையில் நின்றது. அரசன் அதில் ஏறி உட்கார்ந்து பாட்டுக் கேட்டான். மகிழ்ச்சி மிகுந்து, "காரிநங்கைக்கு அவையில் ஓர் இருக்கை தரலாமா?" என்று கேட்டான்.

"தரலாம்! தரலாம்!" முப்பது அவையினரும் முழங்கினார்கள். விழுப்பரையரின் குரலே எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

காரிநங்கை அவர்களைச் சுற்றிப் பார்த்தாள். "அரசே, அந்தக் கலயத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள்."

கலயம் அவையைச் சுற்றி அரசனிடமும் போய்த் திரும்பியது. கவிழ்த்தார்கள். உளுந்து முப்பது, நெல் ஒன்று.

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அந்த நெல் என்னுடையது! விடு, பெண்ணே. நான் ஆணையிடுகிறேன், உட்கார்."

"வேண்டாம், அரசே. பிடிக்காத விடை வந்ததும் தள்ளிவிடுவதென்றால், அன்னதானப் பந்தியிலேயே கேட்டிருக்கலாமே."

அவளுக்கு இருக்கை கிடைக்கவில்லை. ஒரு பட்டுச் சேலை கிடைத்தது. மேலும் பத்தொன்பது ஆண்டுகள் அதே களஞ்சியத்தில் மூட்டை குத்தினாள், குத்தூசி பிடித்த கையில் வலி வந்தபின் கடைமடைக்குத் திரும்பினாள், அங்கேயே இறந்தாள். குடத்தில் ஓலை எடுத்துக் கேட்கும் வழக்கம் அந்நாட்டில் நிலைத்தது. அதற்கு 'விழுப்பரையர் முறை' என்று பெயர் வைத்தார்கள்.